வேண்டாம் என்றால் போகிறேன்

அழைப்பு மணியை அவள் இரண்டாவது முறையும் அழுத்தினாள். கதவைப் பாதி திறந்த பெரியவர், அவளையும் தோளில் தொங்கிய சோப்புப் பையையும் பார்த்தார்.

"வீடு வீடா விக்கிறதுக்கு இந்தத் தெருவுல தடை இருக்கு."

"நகராட்சி அனுமதி வாங்கியிருக்கேங்க." கழுத்து அட்டையை நீட்டினாள். "சாயங்காலம் வரைக்கும் எந்த வீட்டு மணியையும் அடிக்கலாம். வீட்டுக்காரங்க வேண்டாம்னு சொன்னா மட்டும் போயிடணும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை நிதானமாக வாசித்தார்.

"எத்தனையோ தெரு இருக்கே, இங்க எதுக்கு?"

"இந்தத் தெருதான் வேணும்னு கேட்டு வாங்கினேன்."

"வேண்டாம்னு சொன்னா?"

"போயிடுவேன். அட்டையைப் புதுப்பிச்சுட்டு அடுத்த வருஷமும் வருவேன். விதியில அதுக்கு இடம் இருக்கு."

உள்ளேயிருந்து அவர் மனைவி கேட்டாள். "யாருங்க வாசல்ல?"

"சோப்பு விக்க ஒரு பொண்ணு வந்திருக்கு."

"வேண்டாம்னு சொல்லி அனுப்புங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கதவை முழுவதுமாகத் திறந்துவிட்டு, உள்ளே திரும்பி மனைவியிடம் சொன்னார்.

"இவ தன் இஷ்டத்துக்கு ஒருத்தனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்து நின்னப்பவே ஒரு தடவை சொல்லி அனுப்பிட்டேன். இன்னொரு தடவை என்னால முடியாது. நீயே வந்து பாரு, நம்ம பொண்ணு."