ஒன்பது சதவீதம்

"ஆறிடப் போகுது, சாப்பிடுடா!"

டிபன் டப்பாவைக் கணக்காளரின் மேசையில் வைத்தார் அண்ணன். பாய்லர் குழாயின்மேல் வைத்துச் சூடாக்கிய டப்பா. மூடியில் கை வைக்க முடியவில்லை.

அந்தச் சலவை ஆலையில் அண்ணன்தான் பாய்லர் ஆப்பரேட்டர். தம்பியைப் படிக்க வைத்து, அதே ஆலையில் கணக்காளராக மாடியில் உட்கார வைத்ததும் அந்தப் பாய்லர்தான்.

"புது பாய்லர் என்னடா ஆச்சு?"

"இப்போதைக்கு இல்லண்ணே."

"நல்லதாப் போச்சு. பட்டனைத் தட்டினா தானா ஓடுமாம், பக்கத்துல ஆளே வேண்டாமாம். அதெல்லாம் ஒரு பாய்லரா? என் கிழவி இன்னும் பத்து வருஷம் உழைப்பா."

சிரித்துக்கொண்டே படியிறங்கினார். கணக்காளர் இரண்டாவது வாய் எடுப்பதற்குள் கீழே பாய்லர் வெடித்துக் கட்டடமே குலுங்கியது.

துக்கம் கேட்க வந்தவர்கள் காதுபடவே பேசினார்கள். "முதலாளியே வாங்கறேன்னாராம். இந்த மகராசன்தான் கட்டாதுன்னு கணக்குப் போட்டானாம். கூடப்பிறந்தவனும் இவனுக்கு ஒரு செலவுதான் போல."

அதன்பின் அண்ணி அவரோடு பேசவில்லை. கூட்டமெல்லாம் ஓய்ந்த ஒரு மாலையில் அவர் போனபோது கதவைத் திறந்தார். 'உள்ளே வாங்க' என்று சொல்லவில்லை.

"வெளியில பேசிக்கிறது நிஜமா?"

"நிஜம்தான் அண்ணி."

"அப்படி என்ன கணக்கு அது?"

"புது மெஷினால வருஷத்துக்குச் சராசரியா எவ்வளவு லாபம் கூடும், போடற முதலுக்கு அது எத்தனை சதவீதம்னு பாக்கணும். பன்னிரண்டு வந்தாத்தான் வாங்குவாங்க. நான் போட்டதுல ஒன்பது வந்துச்சு."

"மூணு சதவீதம்." அண்ணியின் குரல் உடைந்தது. "மூணு சதவீதத்துக்கு என் புருஷனா?"

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"லாபம்னு எதையெல்லாம் சேத்தீங்க?"

"எரிபொருள் மிச்சம். தண்ணி மிச்சம். ரிப்பேர் செலவு மிச்சம்..."

அண்ணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பிடிமானம் வேண்டியதுபோல் கதவு நிலையைப் பற்றிக்கொண்டார்.

"ஆளே வேண்டாம்னா அவர் சம்பளமும் மிச்சம்தானே?"

"ஆமா."

"அதச் சேக்கலையா?"

இல்லையென்று தலையசைத்தார் கணக்காளர்.

வாசலிலிருந்து விலகி வழிவிட்டார் அண்ணி.

"சேத்திருந்தா எவ்வளவு வந்திருக்கும், தம்பி?"

"பதினாறு, அண்ணி."