கடித்துப் பார்த்த வளையல்

"நிறுத்துங்கடா மேளத்தை!"

கன்னியப்பன் போட்ட சத்தத்தில் நாயனக்காரர் பாதி ஊதலில் வாயை எடுத்துவிட்டார்.

கன்னியப்பன் மாப்பிள்ளைக்கு அப்பன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருஷமாகத் தொட்டியில் நின்றவன். மனசில் ஒன்று விழுந்தால் லேசில் விடமாட்டான். நிச்சயத்தன்று தன் இலைக்கு மட்டும் வடை வராததை ஆறு மாசமாக மறக்காமல் வைத்திருந்தான்.

"சம்பந்தி! பொண்ணு கையில கிடக்கறது தங்கமா?"

ஒடுகத்தூர் காசிநாதன் முகம் வெளுத்தது. "தங்கந்தாங்க."

"உன் காட்டுல வேர்க்கடலை பூரா காஞ்சு போச்சே, வளையல் மட்டும் எப்பிடி முளைச்சிச்சு? பித்தளைன்னா நாலு நாள்ல கை பச்சையாயிடும். இப்பவே பாத்துடறேன். பித்தளையா இருந்தா வண்டியைப் பூட்டிக்கினு போயிடு. தாலி கிடையாது!"

மணப்பெண் அமிர்தவள்ளி அழுதுகொண்டே வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள்.

வடைத் தட்டோடு ஓடி வந்தாள் கன்னியப்பன் பெண்சாதி ஜெயம்மாள். "இன்னாய்யா இது, நல்ல நாளும் அதுவுமா! தங்கந்தான், வுடு."

"நீ போய் இலையைப் பாரு. உனக்கே தங்கம் வாங்கிப் போட்டவன் நான். எனக்குத் தெரியாதா?"

முதலில் கல்லில் போட்டுச் சத்தம் கேட்டான். அப்புறம் தலைமுடியில் தேய்த்து மோந்து பார்த்தான். எண்ணெய் வாசம்தான் வந்தது. ஷாப்பிலிருந்து தோல் ஊறப்போடும் ஆவாரம்பட்டைத் தண்ணி ஒரு சொம்பு வந்தது. அதில் இரும்பு பட்டால் கறுக்கும். போலி நகையும் கறுக்கும் என்பது அவனாகக் கண்டுபிடித்தது.

முக்கி எடுத்தான். வளையல் பளபளவென்று வந்தது. விரல்தான் பழுப்பேறியது.

"வளையல் அசல்தான் தோஸ்த். நீதான் போலி!" என்றான் கூட வேலை செய்யும் மஹபூப் பாஷா. பந்தலே சிரித்தது.

கன்னியப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஷாப்பில் சேர்ந்த புதுசில் தோல் இழுக்கும் கொக்கி பட்டு முன்பல் ஒன்று போன வாய். அந்த வாயாலேயே வளையலை நறுக்கென்று கடித்தான்.

"பசின்னா சொல்லு, வடை வருது!" என்றான் பாஷா.

கடைசியில், சாப்பிட வந்திருந்த பத்தர் இடுப்பிலிருந்து உரைகல்லை எடுத்தார். வளையலை ஒரு இழுப்பு இழுத்து, கோட்டின் மேல் திராவகம் ஒரு சொட்டு விட்டார்.

"பித்தளைன்னா பொங்கி மறைஞ்சிடும்."

கோடு அப்படியே மின்னியது.

"சொக்கத் தங்கம்!"

குலவை கிளம்பியது. பத்தர் மட்டும் வளையலைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"ஆனா இதை முன்னாடியே யாரோ கடிச்சிருக்காங்களே. இது இப்ப பட்ட கடி. பக்கத்துல இது பழைய கடி. அதுல நடுவுல ஒரு பல்லு இல்ல!"

கன்னியப்பன் வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தான். ரெண்டு கடியிலும் ஒரே இடத்தில் பல் இல்லை. மகன் பிறந்தபோது ஜெயம்மாளுக்கு வாங்கி, கடையிலேயே கடித்துப் பார்த்த வளையல்.

திரும்பினான். ஜெயம்மாள் கையை முந்தானைக்குள் இழுப்பதற்குள் தெரிந்துவிட்டது. அவள் போட்டிருந்த வளையலுக்குக் கீழே, மணிக்கட்டைச் சுற்றிப் பச்சை.

"யாருப்பா அந்த ஓட்டைப் பல்லு?" பாஷா ஒன்றும் தெரியாதவன்போல ஒவ்வொரு வாயாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

கன்னியப்பன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். மேளக்காரர்களைப் பார்த்து இரண்டு கையாலும் 'அடி, அடி' என்று காட்டினான். தாலி ஏறியது.

பந்தியில் காசிநாதனே வந்து அவன் இலையில் ஆறு வடை வைத்தார். கன்னியப்பன் ஒன்றைக்கூடத் தொடவில்லை. எழுந்துபோய்த் தன் மேல்துண்டைக் கிழித்து, ஜெயம்மாள் மணிக்கட்டில் சுற்றிக் கட்டினான்.

"இன்னாய்யா பண்றே?" அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"வடை சுடறப்ப எண்ணெய் பட்டுடுச்சுன்னு சொல்லு," என்று பல் தெரியாமல் முணுமுணுத்தான் கன்னியப்பன்.