பால்கனித் தாழ்ப்பாள்

அவன் இன்னும் பிடியை விடவில்லை.

மகளின் பள்ளிப்பை வார் அவன் விரல்களுக்குள் இறுகிக் கிடந்தது. இழுத்த இழுப்பில் தையல் பாதி பிரிந்திருந்தது. இருவரும் பால்கனித் தரையில் கிடந்தார்கள்.

மூன்றாவது மாடி.

கீழே துணி உலர்த்த வந்த மும்தாஜ் அக்காதான் முதலில் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில்தான் அவன் விழித்தான். இன்னும் கத்திக்கொண்டிருந்தாள்.

"யோவ், புள்ளைய உள்ள இட்னு போய்யா! ஊட்ல இருந்துகினே இன்னாதான் பண்ற நீ?"

மகளின் உடம்பு கொதித்தது. கண் திறந்திருந்தது. அவனைப் பார்க்கவில்லை.

"ஸ்டேஷன் வந்துருச்சுப்பா. எறங்கணும். விடு."

பத்து வயது. எழுந்து, பையை மாட்டி, செருப்பையும் தேடிப் போட்டுக்கொண்டு கைப்பிடிச் சுவரில் ஏறியிருக்கிறாள்.

உள்ளே தூக்கிவந்து படுக்க வைத்தான். பால்கனிக் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் போட்டான்.

இப்போது போட்டான்.

நேற்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். ஃப்ளூ காய்ச்சல். மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று, ஐந்து நாள். இரண்டு நாளைக்குப் பிள்ளையைத் தனியாக விடக்கூடாது. ஜன்னல், பால்கனி எல்லாம் பூட்டி வைக்க வேண்டும்.

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மாத்திரைப் பெட்டிக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருந்தது. பொடி எழுத்து. பிள்ளைகளுக்குக் குழப்பம் வரலாம். இல்லாததெல்லாம் தெரியலாம். தங்களையே காயப்படுத்திக்கொள்ளலாம்.

அதற்குமேல் படிக்கவில்லை. போனில் தேடினான். எங்கோ ஒரு நாட்டில் மாடியிலிருந்து குதித்த பிள்ளைகள் என்று ஒரு வீடியோ. எட்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

மனைவியிடம் சொன்னான். டாக்டரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா என்றாள்.

இரவு சோறு வடிக்கும்போது கேட்டாள், மாத்திரை போட்டாச்சா என்று.

போட்டாச்சு.

காலையில் கேன்டீன் வேலைக்குக் கிளம்பும்போதும் கேட்டாள்.

போட்டாச்சு.

மாத்திரையே கொடுக்கவில்லை. பிறகு எதற்குப் பூட்டு? அறை புழுங்கியது. மகளுக்குக் காற்று வரட்டும் என்று பால்கனிக் கதவைத் திறந்து வைத்தான். பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்தான்.

கண் அசந்துவிட்டது.

மும்தாஜ் அக்கா போன் செய்திருக்க வேண்டும். அரைமணி நேரத்தில் மனைவி வந்துவிட்டாள். தலையில் கேன்டீன் வலைத்தொப்பி அப்படியே இருந்தது. மகளின் நெற்றியைத் தொட்டாள். கிழிந்த பையைப் பார்த்தாள். போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னா சார் மாத்திர குடுத்தீங்க? எம் பொண்ணு மாடிலேர்ந்து குதிக்கப் போச்சு சார்! இவரு நேத்தே சொன்னாரு, அந்த மாத்திர மூளையக் கலக்கும்னு. நான்தான் கேக்கல. டாக்டரு சொன்னா சும்மாவா சொல்வாருன்னு இவரு வாயை அடைச்சிட்டேன்."

சொல்லிவிட்டுத் தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவன் தரையில் கிடந்த தாளை எடுத்தான். அவள் முகத்தைத் தவிர வேறு எங்காவது பார்க்க வேண்டும். நேற்று நிறுத்திய இடத்துக்குக் கண் போனது.

அடுத்த வரி. மருந்து எடுக்காதவர்களுக்கும், காய்ச்சலாலேயே, இவை வரக்கூடும்.

ஒரே ஒரு வரி. அதை முதலில் போட்டால் என்ன? எவன் எழுதுகிறான் இதையெல்லாம்?

கசக்கினான்.

டாக்டரின் குரல் நிதானமாக வந்தது. "அம்மா, கொஞ்சம் கேளுங்க. இந்தக் காய்ச்சலே இப்படிப் பண்ணும். மாத்திரையும் காரணமா இருக்கலாம். ஒடனே தூக்கிட்டு வாங்க. எத்தன மாத்திர உள்ள போயிருக்கு? அட்டையப் பாத்து சொல்லுங்க. அதை வச்சுத்தான் நான் தொடர்றதா நிறுத்துறதான்னு பாக்கணும்."

மனைவி அவனைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

அட்டை சமையலறையில், உப்பு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. எடுத்தான். குழாயைத் திறந்தான்.

இரண்டு போதும். அமுக்கித் தண்ணீரில் விட்டால் முடிந்தது. பழி மாத்திரைக்குப் போகும். டாக்டர் நிறுத்தச் சொல்வார். யாரும் அவனை எதுவும் கேட்கப்போவதில்லை.

முதல் குமிழின்மேல் கட்டைவிரலை வைத்தான். அது லேசாகக் குழிந்தது.

"அப்பா." உள்ளேயிருந்து மகள். "ஸ்டேஷன் போயிருச்சா?"

குழாயை மூடினான்.

அட்டையை மனைவியிடம் கொடுத்தான். அவள் திருப்பிப் பார்த்தாள். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். கடைசிவரை போய்விட்டு மறுபடி முதலிலிருந்து தொட்டாள்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"பத்தும் இருக்கு சார்."



"சரி. அட்டையோட வாங்க."

அவன் மகளைத் தூக்கக் குனிந்தான். அதற்குள் மனைவி தூக்கிவிட்டாள். பத்து வயதுப் பிள்ளை, அவளால் முடியாது. முடிந்தது. அட்டை அவள் கைக்குள்ளேயே இருந்தது.

அவன் முன்னால் போய் வாசல் கதவைத் திறந்து பிடித்தான். ஆட்டோ பிடிக்கிறேன் என்றான்.

வாசல்வரை வந்தவள் நின்றாள். மகளைத் தோளில் சாய்த்தபடியே திரும்பி நடந்தாள்.

பால்கனிக் கதவை இழுத்துப் பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது.

தாழ்ப்பாளை நீக்கி, மறுபடி அவளே போட்டாள்.