மஞ்சள் பொட்டு

நண்பகல் வெயில் கண்ணாடிச் சுவரில் வழிந்தும் அலுவலகம் குளிர்கிறது. பண்டகக் காப்பாளர் ஓசையின்றி நடந்து, சில நாற்காலிகளின் முதுகில் மட்டும் மஞ்சள் பொட்டு ஒட்டிப் போகிறார். திங்களன்று அவற்றில் அமர ஆளிருக்காது என்பதை மேலாளர் அறிவார். வாய் திறவாதே என்பது மேலிடத்துக் கட்டளை. பூட்டிய ஒரு வாய்க்குள் எத்தனை வீட்டு அடுப்புகள் அணைகின்றன! "சார், வீட்டுக்கடனுக்கு இன்னிக்குக் கையெழுத்து. போட்டுடலாம்ல?" என்கிறாள் பொட்டிட்ட நாற்காலியில் இருக்கும் கணக்காளர். "தாராளமா போடும்மா." மேலாளர் தன் நாற்காலியில் சாய்கிறார். "இந்தப் பொட்டு எதுக்கு சார்?" "நாற்காலியக் கழுவக் கொண்டுபோவாங்க." அவள் கைப்பையோடு எழுந்து, அவர் பின்னால் கடக்கையில் நாற்காலியின் முதுகைப் பார்த்துச் சிரிக்கிறாள்: "அப்ப உங்க நாற்காலியும் அழுக்குதான் சார். அதுலயும் ஒட்டியிருக்காரே!" அவர் திரும்பவில்லை. காக்க இனி வேலையில்லை, கட்டளையுமில்லை. அவள் வங்கிக்கு நடக்கிறாள். அவர் வாய் மட்டும் திறக்க மறுக்கிறது.