இரண்டாவது பேட்டரி

கணவன் அலுவலகக் காரில் ஏறிக் கூட்டத்துக்குக் கிளம்பிப் போன கால் மணி நேரத்தில் அவள் ஜீப் சாவியை எடுத்தாள். சொந்த வீட்டிலேயே திருட வந்தவளைப் போல ஓசைப்படாமல் கேட்டைத் திறந்தாள். தொட்டதுமே எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.

ஓடிப்போகிறாள் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். அவள் போனது அடுத்த சாலையில் இருந்த பேட்டரிக் கடைக்கு.

கணவனுக்கு மலைமேல் செல்போன் கோபுரங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. வண்டியிலேயே தூக்கம், வண்டியிலேயே சாப்பாடு. பின்பக்கம் ஒரு சின்ன ஃபிரிட்ஜ், ஒரு விளக்கு, ஒரு காற்றாடி. சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வர வேண்டியவன், ஃபோனில்தான் வருவான். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ் ஓடி பேட்டரி காலியாகிவிட்டது, வண்டி கிளம்ப மாட்டேன் என்கிறது, யாராவது வந்து கேபிள் போட்டு எழுப்புவதற்குள் ஞாயிறு போய்விடும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்பான். குரலில் அவ்வளவு வருத்தம் இருக்கும். கடைசியில் இவள்தான் அவனைத் தேற்றிவிட்டு வைப்பாள்.

வைத்த பிறகு, இரண்டு பேருக்குச் சமைத்ததில் ஒரு பங்கை மூடி வைப்பாள். திங்கட்கிழமை வரை அதைத் தின்று தீர்ப்பதே ஒரு வேலை. வீட்டில் பேச்சுக்குரல் என்று ஒன்று கேட்க வேண்டுமே என்பதற்காக, பாத்திரங்களைப் பார்த்து "கொஞ்சம் நகரு" என்று சொல்லப் பழகியிருந்தாள். ஒன்றரை வருடத்தில் அவன் வந்த சனிக்கிழமைகளை எண்ண ஒரு கை விரல்கள் போதும். ஆனால் அவன் மேல் அவளுக்குக் கோபம் வந்ததே இல்லை. கோபமெல்லாம் அந்த பேட்டரி மேல்தான். சக்களத்தியைத் திட்டுகிற மாதிரி அதைத் திட்டியிருக்கிறாள்.

கடைக்காரர் நரைத்த மீசைக்காரர். செத்துப்போன பேட்டரி ஒன்றை நாற்காலியாகக் காட்டி அவளை உட்காரச் சொன்னார். இரண்டு மாதமாகப் படித்துத் தெரிந்துகொண்டதையெல்லாம் அவள் ஒப்பித்தாள். எஞ்சினை எழுப்ப ஒரு பேட்டரி, ஃபிரிட்ஜுக்கும் விளக்குக்கும் தனியாக இன்னொன்று, ஒன்றின் பங்கை மற்றது எடுக்காமல் நடுவில் தடுக்கும் ஒரு சின்னப் பெட்டி.

"வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினாரா?" என்று கேட்டார் அவர்.

"அவருக்குத் தெரியாதுங்க. மீட்டிங்குக்காக வந்திருக்கார், நாளைக்கு மலைக்குத் திரும்பிப் போறார். அதுக்குள்ள போட்டு வச்சிடணும்."

"புருஷனுக்கு இப்படி ஒரு பரிசா. என் வீட்டுல எனக்குச் சட்டைதான் எடுப்பா. அதுவும் அவளுக்குப் பிடிச்ச கலர்ல."

அவள் சிரித்தாள். பகலில் இன்னொருவர் முன்னால் சிரித்து எத்தனை நாளாகிறது என்று உடனே தோன்றியது.

ஒரே மாட்டை ஏரிலும் கட்டி வண்டியிலும் கட்டினால் அது படுக்கத்தானே செய்யும் என்றார் அவர். இரண்டாவதைப் போட்டுவிட்டால் அந்தத் தொல்லையே இல்லையாம். அவளுக்கு அது போதவில்லை. யாராவது அடித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்போ, வண்டி கிளம்பலைங்கிற பேச்சே இருக்காதுல்ல?"

"இருக்கவே இருக்காது. பின்னாடி எல்லாம் அணைஞ்சு போனாலும் முன்னாடி இருக்கறது எஞ்சினை எழுப்பிடும்."

அவள் மனத்துக்குள் சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் உட்கார்ந்தன. வெயிலில் நிற்கிறாரே என்று ஜீப்பின் பின்கதவைத் திறந்து, ஃபிரிட்ஜிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினாள். ஒரு வாய் குடித்தவர், பல் கூசி முகத்தைச் சுளித்தார். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வண்டி கடைசியாக எப்போது ஓடியது என்று கேட்டார். திங்கட்கிழமை ராத்திரி வந்தது, அதிலிருந்து இரண்டு நாளாக வாசலில்தான் நிற்கிறது என்றாள் அவள்.

"இன்னைக்குத் தள்ளி எடுத்தீங்களா?"

"இல்லைங்க, தொட்டதும் கிளம்பிடுச்சு. என் கைராசி போல."

அவர் முன்பக்க மூடியைத் திறந்து வெறுமனே ஒரு பார்வை பார்த்தார். பிறகு பின்பக்கம் ஏறி, சீட்டைத் தூக்கி, அடியில் எதையோ குனிந்து படித்தார். அவள் பேட்டரி மேல் உட்கார்ந்தபடி, வருகிற சனிக்கிழமை படுக்கைக்கு எந்த விரிப்பைப் போடுவது, அவன் வருகிறபோது கதவைத் திறந்தே வைப்பதா மூடி வைத்துக் காத்திருப்பதா என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தாள். இனி அவன் வராமல் இருக்க ஒரு காரணமும் மிச்சமில்லை.

அவர் இறங்கி வர வெகுநேரம் ஆனது. கையில் அழுக்கே இல்லாதபோதும் துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார்.

"சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்ல?" என்று அவள் எழுந்தாள்.

அவர் அவளைப் பார்க்காமல் ஜீப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இதுல ரெண்டாவது பேட்டரி போட்டு ரெண்டு வருஷம் ஆச்சும்மா."