அம்மன் எழுந்தருளிய தீபாவளி

உற்றார் உறவினர் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், இந்தத் தீபாவளிக்குக் கோவில்பட்டியில் அம்மன் எழுந்தருளியது என் உடம்பில்தான்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் சட்டையைக் கழற்றி, நெஞ்சிலிருந்த சிவப்புப் புள்ளிகளை எல்லோருக்கும் காட்டினேன். புதியம்புத்தூரிலிருந்து மனைவி மக்களோடு வந்திறங்கி, ஒரே நாளில் என் கட்டிலையும் டிவி ரிமோட்டையும் கைப்பற்றியிருந்த மைத்துனன் ஜெயபாண்டி, எழுந்து நின்று கும்பிட்டான்.

"அம்மைல்லா போட்டிருக்கு அத்தான்!"

"என் தலையெழுத்து மாப்ளே. பிள்ளைகளுக்கு ஒட்டிரும். இப்பவே பஸ் ஏறிருங்க" என்றேன், தியாகியின் குரலில்.

என் மனைவி முத்துச்செல்வி அடுக்களையிலிருந்து வந்து புள்ளிகளை நிதானமாகப் பார்த்தாள்.

"அதெப்படிப் போவான்? அம்மை போட்ட வீட்டுல இருக்கவங்க மூணு தண்ணி ஊத்துத வரைக்கும் வாசல் தாண்டக் கூடாது. ஏலே, பெட்டிய உள்ள வை."

வாசலில் வேப்பிலை ஏறியது. தீபாவளிக்கு எடுத்த ஆட்டுக்கறி பக்கத்து வீட்டுக்குப் போனது. மூன்று தண்ணீரும் முடியும்வரை, பதினோரு நாளும் கம்பங்கூழ்தான். நான் தரையில் வேப்பிலை மேல் கிடந்தேன்.

"கூழு அமிர்தமா இருக்கு அத்தான்" என்றான் ஜெயபாண்டி, என் கட்டிலிலிருந்து.

மூன்றாவது தண்ணீரை ஊற்றும்போது முத்துச்செல்வி என் காதருகே குனிந்தாள்.

"என் தம்பி ரெண்டு நாள்ல கிளம்பியிருப்பான். உங்க புண்ணியத்துல பதினோரு நாள் இருந்துட்டான்."

முதல் பார்வையிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு வந்தது கொசுக்கடி.