ஸ்கிரீன் இல்லாததே போதும்

"ஸ்கிரீன் இல்லாததே போதும்மா. அதையே பில் போட்டுடு" என்றார் டேரில்.

பிரிட்டாவுக்கு எரிச்சலாக வந்தது. அமெரிக்காவில் பனி கொட்டும் டுலூத் நகரத்துக் கம்ப்யூட்டர் கடையில், படம் வரைகிற டேப்லெட் பகுதி முழுக்க அவள் பொறுப்பு. யாருக்கு எது ஒத்துவரும் என்று ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவாள். இங்கே என்னடாவென்றால், வரையப் போகிற லோர்னா வாய் மூடி நிற்கிறாள். பேச்செல்லாம் கூட வந்த புருஷனுடையது.

"சார், மேடம் குழந்தைங்க புத்தகத்துக்கெல்லாம் படம் போட்டவங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அவங்களுக்கு ஸ்கிரீன் வச்சதுதான் சரி. காகிதத்துல வரையற மாதிரியே இருக்கும். தன் கையைத் தானே பார்த்துக்கிட்டு வரையலாம்."

"ம்ஹூம்."

"நீங்க கேக்கறது வெறும் கருப்புப் பலகை சார். அதுல ஒண்ணுமே தெரியாது. கை கீழ மேசையில இருக்கும், படம் எதிர்ல மானிட்டர்ல வரும். புதுசா பழகறவங்களுக்குத் தலை சுத்திடும்."

"சுத்தட்டும்."

லோர்னா ஸ்கிரீன் வைத்த டேப்லெட்டை இடது கையால் தடவிப் பார்த்தாள். யாரோ வாடிக்கையாளர் அதில் ஒரு கரடியை அரைகுறையாகக் கிறுக்கிவிட்டுப் போயிருந்தார்.

"அழகா இருக்கு இல்ல, டேரில்?"

"அழகாத்தான் இருக்கு. நமக்கு வேண்டாம்."

லோர்னா கையை எடுத்துக்கொண்டாள். பிரிட்டாவுக்குப் பாவமாக இருந்தது. எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஆள் போலிருக்கிறது!

"மேடம், நீங்க ஒரு தடவை வரைஞ்சு பாருங்க. அந்தக் கையுறையையும் கழட்டுங்க, கடைக்குள்ள என்ன குளிரு?" என்று பேனாவை நீட்டினாள்.

டேரில் சட்டென்று குறுக்கே கை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். கட்டைவிரலுக்கும் கடைசி இரண்டு விரல்களுக்கும் நடுவில் அதைச் செருகி, காற்றில் ஏதோ கிறுக்கிப் பார்த்தார்.

"பிடி நல்லாத்தான் இருக்கு. கனமும் இல்ல."

பேனா பிடிக்கவே தெரியவில்லை, இவர் டேப்லெட் தேர்ந்தெடுக்க வந்துவிட்டார் என்று பிரிட்டா மனசுக்குள் நொடித்துக்கொண்டாள்.

"லோர்னா, பிரிண்டருக்கு மை தீர்ந்துபோச்சே, அந்தப் பக்கம் போய் ஒண்ணு எடுத்துட்டு வாயேன்."

அவள் நகர்ந்ததும் டேரில் சுவரைக் காட்டினார். "அந்தப் பெரிய மானிட்டரையும் சேர்த்துப் போடு."

அதில் ஐஸ் ஹாக்கி ஓடிக்கொண்டிருந்தது. கடையிலேயே பெரியது அதுதான். பிரிட்டாவின் பொறுமை போய்விட்டது.

"ஹாக்கி பார்க்கவா சார்? நல்லாத் தெரியும். ஆனா இந்த விலைக்கு மேடம் ஆசைப்பட்டதையே வாங்கிட்டு, மிச்சத்துல ரெண்டு பேரும் வெளியில சாப்பிட்டுட்டுப் போகலாம். வரையப்போறது அவங்க, முடிவு மட்டும் உங்களோடதா?"

டேரிலுக்குக் கோபம் வரவில்லை. லோர்னா போன பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, உங்க வீட்ல பனி வாரற மெஷின் இருக்கா?"

"இந்த ஊர்ல அது இல்லாத வீடு ஏது?"

"நடுவுல பனி அடைச்சுக்கிட்டா?"

"மெஷினை நிறுத்திட்டுக் குச்சியால குத்துவோம். எங்கப்பா மட்டும் அவசரத்துல கையை விடுவாரு, அம்மா கத்துவாங்க..."

சொல்லிக்கொண்டே வந்த பிரிட்டா நிறுத்திவிட்டாள்.

"லோர்னாவும் நிறுத்திட்டுத்தான் கையை விட்டா. அடைப்பு விட்டதும், உள்ளே முறுக்கிக்கிட்டு நின்ன பிளேடு ஒரு சுத்து சுத்திடுச்சு. வலது கையில ரெண்டு விரல் போச்சு."

அவர் பேனாவை அப்படிச் செருகிப் பிடித்தது ஏன் என்று பிரிட்டாவுக்கு இப்போதுதான் புரிந்தது.

"காயமெல்லாம் ஆறிடுச்சும்மா. மிச்ச விரல்ல பேனாவும் பிடிக்கறா. காகிதத்தை எடுத்துக்கிட்டு ஆசையா உட்காருவா, கோடும் அழகாத்தான் வரும். நடுவுல கண்ணு கைமேல விழும். அவ்வளவுதான், பேனாவை வச்சுட்டு எழுந்து போயிடுவா. தன் கையைத் தானே பார்த்துக்கிட்டு வரையலாம்னு நீ சொன்னியே... அவளால முடியாதது அது ஒண்ணுதான். படம் உசரத்துல, பெரிசாத் தெரியட்டும். கை பாட்டுக்குக் கீழ வரையட்டும்."

மை டப்பாவோடு லோர்னா திரும்பி வந்தாள். வலது கையில் இன்னும் அந்தக் கம்பளிக் கையுறை. தான் விற்பனைக்காகச் சொன்ன வார்த்தை இப்போது பிரிட்டாவின் நெஞ்சிலேயே குத்தியது. அந்தக் கருப்புப் பலகையைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

"ஏம்மா, இது பழக ரொம்பக் கஷ்டம்னு சொன்னியே, நிஜமாவா?" என்று கேட்டாள் லோர்னா.

பிரிட்டா பெட்டியை மூடி அவள் பக்கம் நகர்த்தினாள்.

"இல்ல மேடம், தப்பாச் சொல்லிட்டேன். ஒரே ஒரு விதிதான். வரையறப்போ கையைப் பார்க்கவே கூடாது."

லோர்னா பெட்டியைப் பார்த்தாள். அந்தப் பெரிய மானிட்டரைப் பார்த்தாள். டேரில் எங்கோ பார்ப்பது போல நின்றார். அவள் கண் கலங்கியது, ஆனாலும் சிரித்துவிட்டாள்.

"அவ்வளவுதானா? அதைத்தான் போன குளிர்காலத்துலேர்ந்து பழகிட்டிருக்கேனே!"